கேள்வி - பதில்: அடைத்த கதவும் கெய்மும்

கே: அரட்டை நிறுவனம் தன் நெறிமுறையை (மென்பொருளும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளை) வெளியிடாதபோது, கெய்ம் (இன்றைய பிட்ஜின்) மாதிரி வெளியாள் மென்பொருள்கள் எப்படி அதில் இணைந்தன?

ப: போகிற வருகிற பைட்டுகளைப் பிடித்துவைத்து, எது எதற்கென்று ஊகித்துத்தான். அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல்லின் ஏஐஎம் அரட்டைச் சேவை பயன்படுத்திய ஆஸ்கார் நெறிமுறையை அப்படித்தான் அவிழ்த்தார்கள். ஏஓஎல் சும்மா விடுமா? ஒரு கட்டத்தில் அதன் சர்வர், உன்னிடமுள்ள ஏஐஎம்.எக்ஸி (ஏஓஎல்லின் சொந்த அரட்டை மென்பொருள்) கோப்பில் இந்த இடத்திலிருந்து இத்தனை பைட்டுக்கு எம்டி5 (அந்த பைட்டுகளின் கைரேகை மாதிரியான ஒரு எண்) கணக்கிட்டுச் சொல் என்று கேட்க ஆரம்பித்தது. அசல் கோப்பு இல்லாத மென்பொருள் பதிலுக்கு எங்கே போகும், இணைப்பு போய்விடும். தன்னார்வலர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். சம்பளமில்லாத அந்த உழைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். அப்புறம் 2017 டிசம்பர் 15-இல் ஏஐஎம்மே மூடப்பட்டது. பிட்ஜினில் எக்ஸ்எம்பிபி, ஐஆர்சி அரட்டை இப்போதும் நடக்கிறது, அவற்றின் நெறிமுறைகள் எல்லோருக்கும் திறந்தவை.