ராஜாவும் நாடும்: வாசகர் கேள்வி

கேள்வி: நாட்டை வளர்த்து ஆளுற சிவிலைசேஷன் 7 வீடியோ கேமை வாங்கலாமான்னு யோசிக்கிறேன் சார், ஆறாவது பாகத்தை விடிய விடிய ஆடினவன் நான், ஆனா எல்லாரும் திட்டுறாங்களே, ஏன்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: 2025 பிப்ரவரில வந்தப்போ கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல ரிவ்யூ பாதிக்குப் பாதிதான் நல்லா இருந்துச்சு, அந்தக் கோபம் நியாயம்தான். முதல் குறை, ஸ்கிரீன்ல விவரம் காட்டுற விதம். ஒரு கட்டடம் உணவு, பொன்னுன்னு எவ்வளவு தருது, ஏன் தருதுன்னே சரியா காட்டல, கணக்குப் போட்டு ஆடுற கேம்ல அது பெரிய குத்தம். ஊருக்குப் பேர் மாத்தக்கூட வழியில்லாம ரிலீஸ் பண்ணாங்க, பேர் மாத்துறதும் ஜெயிச்ச பிறகு தொடர்ந்து ஆடுறதும் பின்னாடி அப்டேட்லதான் வந்துச்சு.

ஆனா பெரிய சண்டை இந்தக் குறைகள் பத்தி இல்ல. ஆட்டத்தை மூணு யுகமா வெட்டிட்டாங்க, ரிலீஸ் ஆனப்போ யுகம் மாறினா நாடும் மாறணும்னு வெச்சிருந்தாங்க, ராஜா மட்டும் அப்படியே இருப்பார். அசோகரை எடுத்து மௌரியரா ஆரம்பிச்சு, அடுத்த யுகத்துல சோழரா மாறி கடல்ல கப்பல் விடலாம், எனக்கு அது நெஞ்சு நிறைஞ்ச விஷயம்! ஆனா யுகம் முடியறப்போ பாதியில நடக்குற போர் அப்படியே நின்னுரும், தளபதி கூட சேராத படையும் காணாம போயிரும், எதிரி கோட்டை வாசல்ல நிக்கிறப்போ இது நடந்தா வயிறு எரியும். அதைக் குறைக்க ஒரு செட்டிங் பின்னாடி கொடுத்திருக்காங்க, முதல்ல அது ஆன்ல இருக்கான்னு பாருங்க. அவசரம் இல்லன்னா தள்ளுபடி வர்றப்போ வாங்குங்க, ஆறாவது பாகத்தை அதுவரைக்கும் அழிச்சிடாதீங்க.