வாய் முதல் பெருங்குடல் வரை: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

அறுவடைக் காலத்தில் நாரி நோவுக்கு டைக்குளோபெனாக் போடுகிறேன். இப்போது நெஞ்சுக்குழி எரிகிறது. தூளைக் குறைத்துச் சமைக்கிறேன் என்கிறார் மனைவி. உறைப்புத்தான் காரணமா? (விவசாயி, ஒட்டுசுட்டான்)

புண் இருந்தால் உறைப்பு எரியும். ஆனால் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் அதுவல்ல. நான் முதலில் சந்தேகப்படுவது குளிசையைத்தான். இரைப்பை சுரக்கும் ஐதரோகுளோரிக் அமிலம் கடுமையானது. அது இரைப்பையையே அரிக்காமல் காப்பது உட்சுவரில் படிந்திருக்கும் சளிப்படலம். அந்தப் படலத்தைப் பேண, உடம்பே உண்டாக்கும் புரொஸ்டகிளாண்டின் என்ற இரசாயனம் வேண்டும். டைக்குளோபெனாக் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது. நோவு குறைவதும் அதனால்தான், புண் வருவதும் அதனால்தான். சாப்பிட்டபின் போட்டால் ஒன்றும் செய்யாது என்பார்கள். மருந்து இரத்தத்தில் கலந்த பிறகும் இதே வேலையைத்தான் செய்யும், அதை நம்பாதீர்கள்.

இன்னொரு முக்கிய காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா. அவுஸ்திரேலிய மருத்துவர் பரி மார்ஷல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் ரொபின் வொரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். உங்களுக்கு அந்த வீரம் வேண்டாம், பரிசோதனை செய்தாலே போதும். குளிசையை நிறுத்திவிட்டு டொக்டரைப் பாருங்கள். மலம் தார்போலக் கறுத்து ஒட்டினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் கர்ப்பிணி. எனக்கும் மலம் கறுப்பாகத்தான் போகிறது. பயமாக இருக்கிறது. (மாங்குளம்)

கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசை போடுகிறீர்களா? அப்படியானால் பெரும்பாலும் அதன் நிறம்தான், நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றோ வயிற்று நோவோ சேர்ந்து வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம் இருந்தேன். பசி போன பிறகும் வயிறு இரைந்துகொண்டே இருந்தது. (முள்ளியவளை)

வெறும் வயிறு சும்மா இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரைப்பையில் ஓர் அலை கிளம்பி, எச்சங்களையும் காற்றையும் சிறுகுடல் வழியே கூட்டித் தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சத்தம்தான். சாப்பிட்டதும் நின்றுவிடும். நோய் இல்லை.

பிள்ளைக்கு வயிற்றோட்டம். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–சீனிப் பைக்கற்று) கொடுக்கச் சொல்கிறார்கள். இளநீர் போதாதா? (புதுக்குடியிருப்பு)

போதாது. ஒரு வளர்ந்த ஆளின் குடலுக்குள் நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது லீற்றர் திரவம் வருகிறது. நாம் குடிப்பது அதில் இரண்டு லீற்றர் அளவுதான், மற்றது எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், குடற்சாறு என்று உடம்பே சுரப்பது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் சடைமுளைகள் (உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய முளைகள்) திரும்ப உறிஞ்சிவிடும். வயிற்றோட்டத்தில் இந்தக் கணக்குக் குழம்புகிறது. ஆனால் ஒரு வழி அப்போதும் திறந்திருக்கும்: குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தால் குடற்சுவர் இரண்டையும் உள்ளே எடுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். ஜீவனி அந்த அளவுக்குத்தான் கலக்கப்பட்டிருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு.

பைக்கற்றில் போட்டிருக்கும் அளவு தண்ணீரை, கொதித்து ஆறிய பிறகு எடுத்து, முழுப் பைக்கற்றையும் ஒரேயடியாகக் கரையுங்கள். பாதியைத் தம்ளரில் கரைப்பதும் மேலதிகமாகச் சீனி போடுவதும் கூடாது. கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, சலம் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறது, எருமைத் தயிர் ஒன்றும் செய்வதில்லை. ஏன்? (துணுக்காய்)

பால்வெல்லமான லக்ரோசைச் சமிபாடடையச் செய்யும் நொதியம் பலருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடும். தயிர் உறையும்போது பக்டீரியாக்களே அதில் ஒரு பங்கைத் தீர்த்துவிடுகின்றன. சரி, தயிரையே சாப்பிடுங்கள்.

குடல்வளரி (அப்பெண்டிக்ஸ்) தேவையில்லாத உறுப்புத்தானே, சேர்? (ஓ.எல். மாணவன், கிளிநொச்சி)

அப்படி எழுதாதே தம்பி. அதில் நிணநீர் இழையம் நிறைய உண்டு, எதிர்ப்புச் சக்தியில் அதற்கும் பங்கிருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்தாலும் சுகமாக வாழலாம். பரீட்சையைவிட இது முக்கியம்: தொப்புளைச் சுற்றித் தொடங்கிய நோவு சில மணித்தியாலத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கினால், வீட்டில் யாரும் பேதிக்குக் கொடுக்க விடாதே. சாப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்.