சர்க்கரை சேர்க்காத பீனட் பட்டரை நாய் தின்றுவிட்டால்

உங்கள் 10 கிலோ நாய் சர்க்கரை சேர்க்காத பீனட் பட்டரை ஒரு கரண்டி தின்றுவிட்டது, காலை வரை காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். அந்த பீனட் பட்டர் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்பதால், புட்டியின் பின்புறத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயரோ, அதன் மாற்றுப் பெயர்களான பிர்ச் சர்க்கரை, ஈ967 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோ அச்சாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இருந்தால், நாய் ஓடியாடிக்கொண்டிருந்தாலும், புட்டியுடன் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். மனிதருக்குக் கேடு செய்யாத இந்த இனிப்பு, நாயின் கணையத்தை அளவுக்கு மீறி இன்சுலின் சுரக்கச் செய்து, அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராமே அதற்குப் போதும். தள்ளாட்டமும் சோர்வும் சில நாய்களில் பல மணி நேரம் கழித்தே தெரியும்.

தயவுசெய்து உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதுவே தனி ஆபத்து.

அந்தப் பெயர்கள் இல்லாமல், வேர்க்கடலை மட்டுமே இருந்தால் ஒரு கரண்டிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மக்காடமியா என்ற கொட்டை கலந்திருந்தால் அதற்கும் மருத்துவரை அழையுங்கள்.