பூனைக்கு ‘கொரோனா பாசிடிவ்’: வீட்டில் வைத்திருக்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒற்றைப் படுக்கையறை வீடு எங்களுடையது. எட்டு மாதப் பூனைக்கு இரண்டு வாரமாகக் கழிச்சல். ரத்தப் பரிசோதனையில் ‘கொரோனா ஆன்டிபாடி பாசிடிவ்’ என்று வந்திருக்கிறது. மாமியாருக்கு ஆஸ்துமா. பூனையை உடனே யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறார். நாயும் இருக்கிறது. என்ன செய்வது?

கால்நடை மருத்துவர் பதில்: எங்கும் அனுப்ப வேண்டாம். 2020இல் நம்மை வீட்டுக்குள் பூட்டிப்போட்ட கிருமி வேறு, இது வேறு. இது பூனைகளுக்கே உரிய கொரோனா வைரஸ்; மனிதருக்குத் தொற்றாது. கோவிட் கிருமியோ பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் செல்லப் பிராணிகளுக்குப் போனது. பழியை மட்டும் அவை சுமக்கின்றன!

ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், இருந்தால், கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதுதான் பொருள். பல பூனைகள் சேர்ந்து வளரும் இடங்களில் இது சர்வசாதாரணம். இரண்டு வாரக் கழிச்சலுக்குக் குடற்புழுவோ வேறு கிருமியோ காரணமாக இருக்கலாம். முதலில் மலப் பரிசோதனை செய்யுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. தொற்றிய பூனைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்கோ அதற்கும் குறைவானவற்றுக்கோ இந்த வைரஸ் உடலுக்குள்ளேயே உருமாறி எஃப்ஐபி (Feline Infectious Peritonitis) என்ற கொடிய நோயாகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பூனைகளுக்கே ஆபத்து அதிகம். ஆன்டிபயாடிக் கொடுத்தும் இறங்காத காய்ச்சல், உடல் மெலிவு, கண் நிறம் மாறுதல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். உடம்பு எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போவது இன்னொரு வகை. அந்த வயிற்றிலிருந்து ஊசியில் எடுக்கும் நீர் வைக்கோல் மஞ்சளாக, விரலிடுக்கில் நூல் இழுக்கும் அளவுக்குப் பிசுபிசுப்பாக இருக்கும். முன்பு இதைக் கண்டால் கைவிரிப்பதைத் தவிர வழியில்லை. இப்போது ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை வழக்கமாக 12 வாரம் கொடுத்துப் பெரும்பாலான பூனைகளைப் பிழைக்க வைக்கிறார்கள். மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுங்கள். காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

இடமாற்றம் பூனைக்குப் பெரும் மன அழுத்தம். எஃப்ஐபி தலைதூக்க அதுவும் ஒரு காரணமாகலாம். அனுப்ப வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

வைரஸ் பரவுவது மலத்தின் வழியாக. மும்பைச் சிறு வீடுகளில் மணல் தட்டும் சாப்பாட்டுக் கிண்ணமும் ஒரே பால்கனி மூலையில் இருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இரண்டையும் பிரித்து வையுங்கள். தினமும் இருமுறை மலத்தை அள்ளுங்கள். தட்டைச் சோப்பால் கழுவி, நீர்த்த பிளீச்சிங் கரைசல் ஊற்றி, பிறகு நன்றாக அலசுங்கள். பினாயில் கூடாது, பூனைக்கு அது விஷம்.

நாய்களுக்கென்று தனிக் கொரோனா வைரஸ் உண்டு. குட்டிகளுக்கு வாந்தியும் கழிச்சலும் வரும். எதற்கும் உங்கள் நாயை மணல் தட்டில் வாய் வைக்க விடாதீர்கள்.

மாமியாரின் ஆஸ்துமா தனி விஷயம். பூனையின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதம் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். அவர் படுக்கும் அறைக்குள் பூனையை விடாதீர்கள். பூனை வந்த பிறகு இரைப்பு கூடியதா என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லி, ஒவ்வாமைப் பரிசோதனை தேவையா எனக் கேளுங்கள்.