எலி கடித்த கேமரா கேபிளை ஒட்டுவது

மொட்டைமாடி கேமரா கேபிளை எலி கடித்துவிட்டது, பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கும் பெட்டி) ஓடும்போதே ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். அதில் போவது 48 வோல்ட் டிசிதான், ஆனால் கட்டர் வாயில் இரண்டு கம்பி சேர்ந்தால் ஷார்ட். நல்ல சுவிட்ச் அந்த போர்ட்டை நிறுத்திக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் கேபிளில் கரண்ட் ஏற்றும் மலிவான பாஸிவ் இன்ஜெக்டர் எதையும் பார்க்காமல் கரண்ட் விடும். சுவிட்ச் பக்க முனையை முதலில் கழற்றுங்கள். கூடவே 230 வோல்ட் ஒயர் ஓடினால் அதையும் எலி கடித்திருக்கலாம், நிஜ ஆபத்து அங்கேதான். மெயினை ஆஃப் செய்துவிட்டுத் தொடுங்கள்.

அப்புறம், முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நான் சுற்றினேன், ஒரே மழைக்காலத்தில் செம்பு பச்சை பூத்துவிட்டது. ஈரம் புகாமல் உள்ளே ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள். கம்பியைச் சுரண்டி வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஒட்டாமல் முழுதாக மாற்றிவிடுங்கள்.