பூந்திக்கொட்டையில் கழுவிய இருபது டாலர்

தம்பி, டாலஸ் வந்து மூன்று மாதம், எந்தக் கார், எந்த வங்கி, பழைய அமெரிக்கத் தங்கக் காசு சேர்த்தால் லாபமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல ஊரே வரும். மூன்றாவதில் நான் சூடு பட்டவன், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

1998 ஜனவரியில் நியூ ஜெர்சியில் வந்து இறங்கினேன். ஒரே வீட்டில் நான்கு பேர், சரியான குளிர் கோட்டுகூட இல்லை. முதல் போனஸ் வந்ததும் ஒரு நாணயக் கண்காட்சியில் 1904-ஆம் வருட இருபது டாலர் தங்கக் காசு வாங்கினேன். முப்பத்து மூன்று கிராமுக்கு மேல், நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் கூடுதல். "நூறு வருஷம் பழசு, அபூர்வம்" என்றார் விற்றவர். தங்கத்தின் விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வருடம் பிலடெல்பியாவில் மட்டும் அறுபத்திரண்டு லட்சம் காசு அடித்திருக்கிறார்கள்!

பழசு என்பது வேறு, அரிது என்பது வேறு. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சின என்பதைப் பாருங்கள். 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் மக்கள் கையிலிருந்த தங்கத்தை ஒப்படைக்கச் சொன்னார். பெட்டி பெட்டியாக உருக்கிவிட்டார்கள். 1927-ல் டென்வரில் அடித்த இருபது டாலர் தங்கக் காசு 1,80,000. இன்று இருப்பது சுமார் ஒரு டஜன்.

தரம்தான் அடுத்த வலை. காசுக்குத் தரம் பார்க்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு நிறுவனங்களும் 70 வரை மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. சில காசுகளில் 64-க்கும் 66-க்கும் நடுவே விலை பல மடங்கு தாவும். கூட்டிலுள்ள சான்றிதழ் எண்ணை அவர்கள் இணையதளத்தில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கூட்டிலேயே போலி வருகிறது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் லாபத்தில் 28 சதவீதம் வரை வரி போகலாம். பங்குக்கு அவ்வளவு இல்லை.

நம் ஆட்களிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். இருபது வருடம் இங்கே இருந்தும் எதைக் காட்டினாலும் "எத்தனை பவுன், செய்கூலி எவ்வளவு?" என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது லென்ஸ் இல்லாமல் காசைத் தொடுவதில்லை, தொட்டாலும் விளிம்பில்தான்.

அந்த 1904 காசா? முதல் ஆயுத பூஜைக்கு, அம்மா சங்கிலியைக் கழுவுவதுபோலப் பூந்திக்கொட்டை ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. வருடங்கள் கழித்துத் தரம் பார்க்க அனுப்பினால் "சுத்தம் செய்யப்பட்டது" என்று குறையாக எழுதி, மதிப்பெண்ணே போடாமல் திருப்பிவிட்டார்கள். இனி என்ன கெடப்போகிறது? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம், குங்குமம் எல்லாம் அதற்குத்தான்.