வீட்டிலேயே சிந்தசைசர்: எந்த போர்டு வாங்கலாம்?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், கீபோர்டு வேண்டாம், நானே ஒரு சிந்தசைசர் (மின்சுற்றால் ஓசை உண்டாக்கும் இசைக்கருவி) செய்கிறேன் என்கிறாள். மூவாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். ஆர்டுயினோ, ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை என்று, நிரல் எழுதி இயக்கும் மூன்று சின்ன சர்க்யூட் போர்டுகளின் பெயரை எழுதித் தந்திருக்கிறாள். கடைக்காரரோ "பை வாங்கிடுங்க சார், எல்லாமே செய்யும்" என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ராஸ்பெரி பை ஒரு முழுக் கணினி. லினக்ஸ் இயங்குதளம் ஏறி முடிந்த பிறகுதான் முதல் ஸ்வரம் வரும். ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். பியானோ, வயலின் போலப் பதிவுசெய்த ஒலிகளை வாசிக்கத்தான் ஆசை என்றால் பை சரி. அப்போதும் பை ஜீரோ, பை 5 இரண்டிலும் ஹெட்போன் துளை கிடையாது என்பது நினைவிருக்கட்டும்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 எதிர்க்கோடி. 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 2 கேபி நினைவகம், அவ்வளவுதான். 'மோட்சி' என்ற இலவச நிரல் தொகுப்பை ஏற்றினால் அதிலும் இசை வரும். ஆனால் உண்மையான ஒலி அலையைத் தரும் வசதி அந்த போர்டில் இல்லை. போர்டின் ஒரு முனையை (பின்) மின்னல் வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றித்தான் அலை மாதிரி காட்டும். அதில் சேரும் இரைச்சலை வடிகட்ட 270 ஓம் ரெசிஸ்டரும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் போட வேண்டும். பழைய வீடியோ கேம் ஓசை கிடைக்கும். எனக்குப் பிடிக்கும், பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்குப் பிடிக்காது.

நான் சொல்வது ஈஎஸ்பி32. இரட்டைக் கோர், 240 மெகாஹெர்ட்ஸ், விலையோ சில நூறு ரூபாய். இங்கே ஒரு கண்ணி உண்டு. முதலில் வந்த ஈஎஸ்பி32-இல் ஒலி வெளியீட்டுக்கு இரண்டு 8-பிட் டாக் (எண்களை ஒலி அலையாக மாற்றும் பகுதி) உள்ளேயே இருக்கின்றன. "புது மாடல்" என்று தரப்படும் எஸ்3, சி3 இரண்டிலும் அதுகூட இல்லை. 8 பிட் என்றால் 256 படிகள்தான், மெல்லிய ஓசைகளில் 'ஸ்ஸ்' என்று கேட்கும். அதனால் எந்த மாடலானாலும் பிசிஎம்5102 என்ற தனி டாக் மாட்யூலையும் சேர்த்து வாங்குங்கள். காசு போட வேண்டிய இடம் அதுதான், போர்டு இல்லை. மாட்யூலில் எஸ்சிகே என்று குறித்த முனையைக் கிரவுண்டோடு இணைக்க மறந்தால் சத்தமே வராமல் போகலாம். அதன் 3.5 மி.மீ. துளையிலிருந்து ஸ்பீக்கரின் ஆக்ஸுக்கு வயர் போட்டால் போதும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம்; விசையை அமுக்கி, அப்புறம் ஓசைக்குக் காத்திருக்கணும்.

ஓசையைத் திருகி மாற்றும் குமிழ்களுக்கு 'பி10கே' என்று அச்சிட்ட பொட்டென்ஷியோமீட்டரைக் கேளுங்கள், நாலு போதும். அவற்றை 3.3 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடக்கூடும். ஒரு ஆக்டேவுக்கு 13 புஷ் பட்டன். பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் வயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒருமுறை கரகரப்பு வந்து, நிரலில்தான் தப்பு என்று இரண்டு இரவு தேடினேன். கடைசியில் பார்த்தால் பிரெட்போர்டில் ஒரு துளை லூஸ். சென்னைக்காரர் என்றால் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். எல்லாம் வாங்கியும் மூவாயிரத்தில் மிச்சம் இருக்கும்; அதில் ஒரு சால்டரிங் அயர்ன்.

கேள்வி: கடையில் வாங்கிய ஆர்டுயினோ நானோ போர்டு கணினியில் தெரியவே இல்லை. போலியா? பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறது.

பதில்: முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உலவுகின்றன. அடுத்து கணினியில் சிஎச்340 டிரைவரைப் போட்டுப் பாருங்கள், மலிவு போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசுவது அந்த சிப்தான். ஆர்டுயினோவின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது, அதனால் நகல் செய்து விற்பது குற்றமில்லை. ஆர்டுயினோ பெயரையும் முத்திரையையும் ஒட்டி விற்றால்தான் போலி.

இத்தனைக்கும் பிறகு உயிர் வரவில்லையா? பில்லின் அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லோடு கடைக்குப் போங்கள், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். பவர் வயரை மாற்றிச் செருகிக் கருக்கியிருந்தால் மட்டும் கேட்காதீர்கள், அது நம் செலவு.